அறுபது தாண்டிய ராக் குழு புது ஆல்பம் போடலாமா?

கேள்வி: எங்கள் ராக் குழுவை 1979-ல் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஆரம்பித்தோம். நான்கு பேர். நான் பேஸ் கிட்டார், வயது 66. பாடகருக்கு 67. டிரம்ஸ் வாசிப்பது என் மச்சான், மனைவியின் தம்பி, அவனுக்கு 63. 1986-ல் ஒரே ஒரு ஆல்பம் கேசட்டாக வந்தது. அதற்கப்புறம் கல்யாணம், கோயில் நிதிக் கச்சேரி, கிளப் என்று வருடத்துக்கு ஐந்தாறு முறை மேடை ஏறுகிறோம். வாசிப்பது பெரும்பாலும் பழைய ராக் பாட்டுகள்தான். கொரோனா சமயத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது புதிதாக ஏழு பாட்டு எழுதினேன். அதில் ஒன்று, நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து எங்கள் குடும்பத்தை லாரியில் ஏற்றிச் சாட்ஸ்வொர்த்தில் இறக்கிய நாளைப் பற்றியது. அப்போது எனக்கு ஆறு வயது. ஆல்பம் போட வேண்டும் என்று பாடகரும் கிட்டாரிஸ்டும் துடிக்கிறார்கள். பிள்ளைகள் பணம் தருகிறோம் என்கிறார்கள். மச்சான் மட்டும், ‘யார் கேட்கப் போகிறார்கள்? ஜனங்கள் வருவது பழைய பாட்டுக்கு. இந்த வயதில் இருக்கிற பேரையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்’ என்கிறான். பாடகருக்கு முன்பு போல் மேல் சுரம் எட்டவில்லை என்பது உண்மை. மச்சானும் கனமான குச்சியை விட்டுவிட்டு மெல்லிய குச்சிக்கு மாறிவிட்டான். அந்த 1986 ஆல்பத்தின் மூலப் பதிவான மாஸ்டர் டேப் கராஜில் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.
சாட்ஸ்வொர்த் வாசகர், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள அண்ணா,

உங்களைவிட எட்டு வயது சின்னவன் நான், அதனால் அண்ணா என்றே எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேலாக ஒலிப்பதிவு அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆல்பம் போடுங்கள், தள்ளிப்போடாமல் போடுங்கள். ஆனால் மச்சானை ஓரங்கட்டிவிட்டுப் போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தோடு அந்த மேகசின் பாரக்ஸ் பாட்டின் வரிகளையும் வைத்திருந்தீர்கள். நான் நாலைந்து தடவை படித்தேன். லாரியின் பின்பக்கம் ஆட்டுக்கல்லைக் கயிறு கட்டி வைத்திருந்தது, உங்கள் அம்மா அது உருண்டு பிள்ளைகள் மேல் விழாமல் வழி முழுக்கக் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தது, புது வீட்டில் சிமெண்டுத் தரை இன்னும் காயாமல் ஆட்டுக்கல் வைத்த இடத்தில் ஒரு வட்டப் பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது என்று முடித்திருக்கிறீர்கள். சோம்ட்சியூ ரோட்டில் நகராட்சித் தொழிலாளர்களுக்கு இருந்த அந்தக் குடியிருப்பைப் பற்றி வரலாற்றுக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியேற்றிய குழுப் பகுதிச் சட்டம் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அந்தச் சட்டம் ஒரு அம்மாவின் காலில் எப்படி வலித்தது என்பதை அங்கே இருந்த பிள்ளைதான் சொல்ல முடியும். அந்தப் பிள்ளைக்கு இப்போது 66 வயது. 1986-ல் உங்களால் இதை எழுதியிருக்க முடியாது. நீங்களே சொல்கிறீர்கள், அந்தக் கேசட் முழுக்க மோட்டார் சைக்கிளும் பெண்களும்தான் என்று.

வயதான குழு புதுசாக எதற்குப் பாட்டுப் போட வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான். இளமையில் எழுதியிருக்க முடியாத பாட்டு கையில் இருக்கிறதா? இருந்தால் பதிவு செய்தாக வேண்டும். இல்லை என்றால் பழையதை நன்றாக வாசித்துக்கொண்டிருக்கலாம், அதிலும் ஒரு குறையும் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

இதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரையே உதாரணம் காட்டுகிறேன். ஃப்ளேம்ஸ் குழுவை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. டர்பன் பையன்கள். ‘ஃபார் யுவர் பிரஷியஸ் லவ்’ 1968-ல் நாடு முழுக்க ஒலித்தது. லண்டனில் பீச் பாய்ஸ் குழுவின் கார்ல் வில்சன் கண்ணில் பட்டு அமெரிக்கா போனார்கள். 1972-ல் ரிக்கி ஃபதாரும் பிளாண்டி சாப்ளினும் பீச் பாய்ஸிலேயே சேர்ந்தார்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்லும் கதை. எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. ரிக்கி ஃபதார் நீண்ட காலமாக அமெரிக்கப் பாடகி போனி ரெய்ட்டுக்கு டிரம்ஸ் வாசிக்கிறார். 2022-ல் போனி ரெய்ட் ‘ஜஸ்ட் லைக் தட்’ என்று புது ஆல்பம் போட்டபோது அவருக்கு வயது 72. டிரம்ஸில் நம் ரிக்கி, அவரும் எழுபதை ஒட்டியவர். தலைப்புப் பாட்டை போனியே எழுதினார். இறந்துபோன மகனின் இதயத்தை வேறொருவருக்குத் தானமாகக் கொடுத்த தாய், பின்னால் அந்த மனிதரைச் சந்தித்து அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. 2023 பிப்ரவரியில் ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி அதற்குக் கிடைத்தது, தன் வயதில் பாதிகூட ஆகாத பலரோடு போட்டியிட்டு. இருபத்தைந்து வயதில் அந்தப் பாட்டை யார் எழுதியிருந்தாலும் அழ வைக்கும் சரக்காகத்தான் வந்திருக்கும். எழுபதில் எழுதியதால் அது அடக்கமாக நிற்கிறது.

சரி, மச்சான் சொல்வதற்கு வருவோம். அவர் சொல்வதில் பாதி நூற்றுக்கு நூறு சரி. ஜனங்கள் பழைய பாட்டுக்குத்தான் வருவார்கள். அமெரிக்கப் பாடகர் ரோட்ரிகஸை நினைத்துப் பாருங்கள். 1970-ல் ஒன்று, 1971-ல் ஒன்று, மொத்தம் இரண்டே ஸ்டூடியோ ஆல்பம். 1998-ல் இந்த நாட்டுக்கு வந்து மேடை ஏறியபோது அரங்கம் முழுக்க அந்தப் பழைய வரிகளைக் கூடவே பாடியது. 2023-ல் இறக்கும் வரை மூன்றாவதாக ஒன்று போடவில்லை. அவருடைய பெருமை ஒரு இம்மி குறைந்ததா? ரோலிங் ஸ்டோன்ஸ்கூட 2005-க்கு அப்புறம் சொந்தப் பாட்டுகளோடு ஆல்பம் போட 2023 வரை எடுத்துக்கொண்டார்கள். இடையில் அந்தப் பதினெட்டு வருடத்தில் அவர்கள் மேடை ஏறியபோதெல்லாம் மைதானங்கள் நிரம்பி வழிந்தன. ஆக, மேடையில் இரண்டு புதுப் பாட்டுக்கு மேல் வாசிக்காதீர்கள். அதையும் முதல் பாதியின் நடுவில் வையுங்கள். கடைசிப் பாட்டு எப்போதும் பழசாகவே இருக்கட்டும். இந்த விஷயத்தில் மச்சான் பக்கம்தான் நான்.

ஆனால் ஆல்பம் வேறு, கச்சேரி வேறு. கச்சேரி வந்தவர்களுக்காக. ஆல்பத்தை யார் எப்போது கேட்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பேத்திக்கு முப்பது வயதாகும்போது, பாரக்ஸ் என்றால் என்ன என்று அவள் தேடும் அன்றைக்குக்கூடக் கேட்கலாம்.

பேர் கெட்டுப்போகும் என்ற பயம் இருக்கிறதே, அதற்கு வருகிறேன். வயதான குழுக்களின் புது ஆல்பங்கள் நிறைய மோசமாக இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். அந்த மாதிரிப் பதிவுகளில் நானும் வேலை செய்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. அறுபது வயதுக்காரர் தன் முப்பது வயதுக் குரலை நடித்துக் காட்ட முயல்கிறார். பழைய வேகம், பழைய ஸ்தாயி, பழைய கத்தல். எட்டாத இடத்தைக் கம்ப்யூட்டரில் இழுத்துச் சரி செய்கிறோம். சுருதி சரியாகிவிடும், ஆள் காணாமல் போய்விடுவார். கேட்கிறவர்களுக்கு இது உடனே தெரிந்துவிடும், வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

உங்கள் பாடகரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். வயதாக ஆக குரல்நாண்களின் தசை மெலிகிறது, ஓரங்கள் முழுதாகச் சேர்வதில்லை, இடையில் காற்று கசிகிறது. நுரையீரலும் முன்பு போல் மூச்சைப் பிடித்து வைப்பதில்லை. மேல் சுரம் போவது இதனால்தான், அவர் தண்ணீர் குடிக்காததாலோ பயிற்சி செய்யாததாலோ அல்ல. (கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் மட்டும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.) ஆனால் பல ஆண்களுக்கு இந்த வயதில் நடு ஸ்தாயியில் ஒரு கனம் வந்து உட்கார்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு நெருக்கம். அதை மைக்கில் பிடிக்கலாம். ஒரு சாண் தூரத்தில் மைக்கை வைத்து, கத்தாமல் பாடச் சொல்லுங்கள். ஒரு பாட்டுக்கு மூன்று டேக், அப்புறம் டீ. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவரைப் பாட வைக்காதீர்கள்.

புதுப் பாட்டுகளை அவருடைய இன்றைய குரலுக்கே அமையுங்கள். நீங்கள் அனுப்பிய போன் பதிவில் பாரக்ஸ் பாட்டு ஈ (E) சுருதியில் இருக்கிறது. பல்லவியின் உச்சியில் அவர் கழுத்து நரம்பு புடைப்பது கேட்கிறது. டி (D) சுருதிக்கு இறக்குங்கள். இறக்கியதும் பிரச்சினை உங்களிடம் வரும், அண்ணா, பேஸ் வாசிப்பவரிடம். பாடகர் கீழே வந்தால் அவர் நெஞ்சுக் குரலும் உங்கள் பேஸும் 100 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். உங்கள் கீழ்க் கம்பியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். டி-க்குத் தளர்த்தினால் 37-க்கு வந்துவிடும், கம்பியும் தொளதொளவென்று ஆடும். போன் ஸ்பீக்கரில் அந்த அடிச்சுரம் கேட்கவே கேட்காது. மேலே இருக்கும் மந்தமான இரைச்சல் மட்டும் மிஞ்சும். நான் என்ன செய்வேன் என்றால், ஒரு அளவு தடிமனான கம்பி போட்டுக்கொண்டு, அவர் பாடுகிற இடத்தில் சுரங்களைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். வரி முடிந்து அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் நடமாடுவேன். போன் பதிவில் நீங்கள் ஒரு நொடிகூட சும்மா இருக்கவில்லை. நாற்பது வருடப் பழக்கம், விடுவது கஷ்டம்தான். இந்த ஒரு பாட்டுக்காக விட்டுப் பாருங்கள்.

இப்போது மெல்லிய குச்சி. இதை நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்குக் கடிதத்திலேயே அதுதான் முக்கியமாகப் பட்டது. அறுபது வயது டிரம்மர் குச்சியை மாற்றுகிறார் என்றால் பெரும்பாலும் விரல் மூட்டோ மணிக்கட்டோ வலிக்கிறது. வலிக்கிறது என்று வாயால் சொல்ல மாட்டார். ‘யார் கேட்கப் போகிறார்கள்’ என்றுதான் சொல்வார். மற்ற மூன்று பேரும் சூழ்ந்துகொண்டு ஆல்பம் ஆல்பம் என்று குதிக்கும்போது, பத்து மணி நேரம் டேக் மேல் டேக் அடிக்கப் போகிற கையை நினைத்து அவர் பயந்திருக்கலாம். என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். நீங்கள் தனியாகப் போய், மனைவியும் கூட இல்லாமல், கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஆல்பம் பற்றி அன்றைக்குப் பேசவே வேண்டாம்.

கை வலிதான் என்றால் வழி இருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸுக்கு விரல்களில் மூட்டுவாதம். அதனால் வாசிக்கும் முறையையே மாற்றிக்கொண்டதாக அவரே சொன்னார். உங்கள் வேகமான பாட்டுகளை நிமிடத்துக்குப் பத்துத் தட்டு குறைத்துப் பாருங்கள். மேடையில் தெரியும் வித்தியாசம் பதிவில் தெரியாது, பல நேரம் பாட்டு இன்னும் கனமாகத்தான் நிற்கும். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மட்டும் டிரம்ஸ். வேகம் மாறாமல் தட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோனோம் கிளிக்கை அவர் காதில் கட்டாதீர்கள். நாற்பது வருடம் சேர்ந்து வாசித்த நான்கு பேர் பல்லவியில் ஒரு நூல் வேகம் பிடிப்பதும் சரணத்தில் தளர்வதும்தான் உங்கள் குழுவின் அடையாளம். நால்வரும் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசியுங்கள். பாரக்ஸ் பாட்டுக்குக் குச்சியே வேண்டாம், மெல்லிய கம்பிகளால் ஆன டிரம்ஸ் பிரஷ் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. லாரி போகிற சத்தம் அதில் வரும்.

அவசரப்படுத்துவதற்கும் காரணம் இருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டில் போய்விட்டார். 2023-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஹேக்னி டயமண்ட்ஸ்’ வந்தபோது இரண்டே பாட்டில்தான் அவர் டிரம்ஸ் இருந்தது, அதுவும் 2019-லேயே பதிவு செய்து வைத்திருந்ததால். அதில் ஒரு பாட்டுக்கு, 1993-ல் குழுவை விட்டுப் போன பில் வைமன் திரும்பி வந்து பேஸ் வாசித்தார், எண்பதைத் தாண்டிய வயதில். அந்தப் பழைய கூட்டு இன்னொரு தடவை கேட்கக் கிடைத்தது, யாரோ தள்ளிப்போடாமல் ரெக்கார்டரை ஓடவிட்டதால்தான். ஃப்ளேம்ஸ் குழுவின் நம் ஸ்டீவ் ஃபதாரும் 2020 ஜனவரியில் போய்விட்டார். உங்கள் நால்வருக்கும் நூறு வயது வரட்டும். இருந்தாலும் மச்சானின் கை இந்த வருடம் போல் அடுத்த வருடம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஏழு பாட்டில் இரண்டு, மன்னிக்கவும் அண்ணா, எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதுள்ள இளைஞர்களைத் திட்டுகிற பாட்டும், ‘நாங்கள் இன்னும் ராக் செய்கிறோம்’ என்று சொல்கிற பாட்டும். அதைச் சொல்ல ஒரு பாட்டு வேண்டாம், மற்ற பாட்டுகள் சொல்லும். மீதி ஐந்தோடு 1986 கேசட்டிலிருந்து ஒன்றை இன்றைய குரலில், இறக்கிய சுருதியில் திரும்பப் பாடிச் சேருங்கள். ஆறு பாட்டு, அரை மணி நேரத்துக்கும் குறைவு. போதும்.

பதிவான ஒலிகளைக் கலந்து சமன் செய்யும் மிக்ஸிங்கை நீங்கள் நால்வரும் செய்யக்கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். டிரம்ஸ் பக்கத்தில் நாற்பது வருடம் நின்ற காதில் மேல் அலைவரிசை முதலில் போகும். என் காதிலும் போயிருக்கிறது, வருடா வருடம் பரிசோதித்துக்கொள்கிறேன். அந்தக் காதோடு மேசை முன் உட்கார்ந்தால் ‘ட்ரெபிள் ஏத்து, இன்னும் ஏத்து’ என்போம். வீட்டுக்குப் போய் மருமகள் கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வாள். முப்பது வயதுக்கு உட்பட்ட நல்ல இன்ஜினியர் ஒருவரிடம் கொடுங்கள். பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள், ஒலி எப்படி இருக்கிறது என்பதை அவர் சொல்லட்டும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவுக்கு முன்பே எந்தப் பாட்டை யார் எழுதினார்கள், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டுகளை, இசை உரிமைத் தொகையை வசூலித்துக் கொடுக்கும் அமைப்பான சாம்ரோவில் பதிவு செய்யுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் ஐம்பது வருடம் உரிமை குடும்பத்துக்கு இருக்கிறது. உறவுக்காரர்கள் வாசிக்கும் குழுவில்தான் இந்தத் தாள் அதிகம் தேவைப்படுகிறது. பிள்ளைகள் கொடுக்கும் பணத்தைப் பதிவு அறைக்கும் மிக்ஸிங்குக்கும் செலவழியுங்கள். ஐந்நூறு சிடி அடித்துக் கராஜில் அடுக்காதீர்கள், கேட்க யாரிடமும் இப்போது மெஷின் இல்லை.

கராஜ் என்றதும் அந்தப் பிஸ்கட் டின். தயவுசெய்து அந்த டேப்பை எந்த மெஷினிலும் போட்டுப் பார்க்காதீர்கள். அந்தக் காலத்து டேப் சிலவற்றில் காந்தப் பொடியை ஒட்டி வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழைந்துவிடும். நம் ஊர்க் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குடும்பம் தங்கள் அப்பா வாசித்த டேப்பைக் கொண்டுவந்தது. ஆர்வத்தில் நேராக மெஷினில் மாட்டினேன். கீச்சென்று ஒரு சத்தம், டேப் இழுபட்டு நின்றது. கையை வைத்து நிறுத்துவதற்குள் ஹெட்டில் பழுப்புப் பொடி அப்பிக்கொண்டது. அந்தப் பொடிதான் அவர் வாசிப்பின் முதல் இருபது நொடி. அது திரும்ப வரவில்லை. அந்தப் பிள்ளைகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்கு இன்றும் அது உறுத்துகிறது. இந்த மாதிரி டேப்பை 50 முதல் 55 டிகிரி சூட்டில், அதற்கென்று உள்ள அடுப்பில், எட்டு மணி நேரம் போல் வாட்டி எடுத்தால் சில வாரத்துக்குச் சரியாக ஓடும். அதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும். வாட்டத் தேவையில்லாத டேப்பும் உண்டு, பூஞ்சை பிடித்ததும் உண்டு. அதனால் பார்த்துச் சொல்லத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வீட்டுச் சமையல் அடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள்.

அந்த டேப்பிலிருந்து உங்கள் நால்வரின் 1986 குரலும் கையும் வெளியே வந்ததும், முதலில் மச்சானுக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் இருபத்துநாலு வயதில் எப்படி அடித்திருக்கிறார் என்று அவரே கேட்கட்டும். அதன் பிறகு புதுப் பாட்டைப் பற்றிப் பேசுங்கள். பதிவுக்கு நாள் குறித்ததும் எனக்கு எழுதுங்கள், பிரஷ் ஒரு ஜோடி என்னிடம் சும்மா இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன். டேப்பை மட்டும் டிசம்பருக்கு முன்னால் கராஜிலிருந்து எடுத்துவிடுங்கள். நம் ஊரில் வெயிலும் ஈரமும் ஒன்றாக ஏறும் மாதம் அது.